பிடித்ததை எழுதுவதா, விற்பதை எழுதுவதா? அஃபிலியேட் மார்க்கெட்டிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது அடுத்தவர் விற்கும் பொருளைச் சிபாரிசு செய்து கமிஷன் வாங்கும் தொழிலில், இறங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒருவர், "உனக்கு எது பிடிக்குமோ அதைப் பற்றி எழுது, பணம் தானாக வரும்" என்பார். இன்னொருவர், "எது விற்கிறதோ அதைப் பிடி, உன் விருப்பத்தை யார் கேட்டார்கள்?" என்பார். முதலாமவர் பேச்சைக் கேட்டவர் யாருமே தேடாத விஷயத்தை ரசித்து ரசித்து எழுதிக்கொண்டிருப்பார். இரண்டாமவர் பேச்சைக் கேட்டவர், ஊரே எழுதித் தீர்த்ததைத் தானும் ஒருமுறை எழுதிவிட்டு, நாலு மாதத்தில் சலித்துப்போய் ஒதுங்கிவிடுவார். இருவர் கணக்கிலும் பணம் ஏறியிருக்காது.

என் யோசனை இதுதான். எந்தத் துறையைப் பற்றி எழுதுவது என்பதை உங்கள் விருப்பம் முடிவுசெய்யட்டும். அந்தத் துறைக்குள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதை வாங்க வருகிறவர்கள் முடிவுசெய்யட்டும். இந்தப் பங்கீட்டைக் குழப்பாமல் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில், பணம் எந்த வழியில் வருகிறது?

அமேசான் அசோசியேட்ஸ் என்ற தன் அஃபிலியேட் திட்டத்தை 1996-லேயே தொடங்கிவிட்டது. இன்றும் அடிப்படை அதேதான். உங்களுக்கென்று தரப்பட்ட லிங்க்கை ஒருவர் அழுத்துகிறார். அவர் உங்கள் லிங்க் வழியாக வந்தார் என்பதை நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பு அவருடைய பிரவுசரில் பதிவாகிறது. அது காலாவதியாவதற்குள் அவர் வாங்கினால் விலையில் ஒரு சதவீதம் உங்களுக்குக் கமிஷனாக வருகிறது. அமேசானில் அந்தக் காலம் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் மட்டும் 90 நாள் வரை அவகாசம் உண்டு. வேறு பல திட்டங்களில் 30 நாளோ அதற்கு மேலோ தருகிறார்கள். அமேசானில் புது அசோசியேட்ஸ் கணக்கு தொடங்கியவர் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

விருப்பம், தேவை என்ற பேச்சுக்கு நடுவில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 24 மணி நேரம்தான் பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது. உங்கள் எழுத்தை ரசித்துப் படித்துவிட்டு, அடுத்த மாதம் ஞாபகம் வந்து வேறு வழியாகப் போய் வாங்குகிறவரால் உங்களுக்கு ஒன்றும் வராது. "இன்றோ நாளையோ வாங்கியாக வேண்டும், எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை" என்று நிற்பவருக்குப் பதில் சொன்னால்தான் வருமானம். அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்வதைத்தான் சந்தைத் தேவை என்கிறோம். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

## படி 1: உங்கள் துறையைத் தேர்ந்தெடுங்கள்

"எனக்கு என்னென்ன பிடிக்கும்?" என்று பட்டியல் போட்டால் பயணம், இசை, புத்தகம் என்று எல்லோருடைய பட்டியலும் ஒன்றுபோல்தான் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எதை நீங்கள் வாங்கி, பயன்படுத்தி, உடைத்து, ரிப்பேர் பார்த்து, திருப்பி அனுப்பி, மறுபடியும் வாங்கியிருக்கிறீர்கள்? எந்தப் பொருளைப் பற்றி நண்பர்கள் உங்களிடம் யோசனை கேட்கிறார்கள்?

இப்படி வந்த பட்டியலில் ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சோதனைக்கு உட்படுத்துங்கள். அந்தத் துறையில் உங்களுக்குப் பிடித்த பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எங்கும் பார்க்காமல், அதன் மூன்று குறைகளை எழுதுங்கள். எழுத முடிந்தால் அது உங்களுக்குத் தெரிந்த துறை. புகழ மட்டும்தான் வருகிறது என்றால், அந்தப் பொருளோடு உங்களுக்கு இருப்பது ஆசை. பழக்கம் இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளைப் பயன்படுத்தப் பிடிப்பது வேறு, அதைப் பற்றி வாரத்துக்கு இரண்டு முறை பேசப் பிடிப்பது வேறு. தினமும் ஓடுகிறவர் எல்லோருக்கும் ஓட்டக் காலணியின் அடிப்பாகத்தை அறுத்துப் பார்த்து எழுதும் ஆர்வம் இருக்காது. அந்த ஆர்வம் இல்லாவிட்டால் அது பொழுதுபோக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் தொழிலாக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

## படி 2: தேடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்

இதற்குக் காசு கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை, குறைந்தது தொடக்கத்தில்.

கூகுள் தேடல் பெட்டியில் உங்கள் துறையின் பெயரை அடித்து, அதன் பின்னால் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் உண்மையான மனிதர்கள் அடித்த தேடல்களிலிருந்து வருபவை. அவற்றை அப்படியே, அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். துறைக்குள் ஊறியவர் பயன்படுத்தும் சொல்லும், புதிதாக வாங்க வருகிறவர் பயன்படுத்தும் சொல்லும் வேறுவேறாக இருப்பதை அப்போதே கவனிப்பீர்கள்.

அடுத்து, ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தச் சொல் உச்சத்தில் இருந்த புள்ளியை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு ஏற்பக் காட்டுகிறது. மிகச் சிலரே தேடும் சொல்லுக்கும் 100 வரும். ஆகவே ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல், உங்களுக்கு ஓரளவு தெரிந்த இன்னொரு சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுக் கோட்டை எடுத்துப் பார்த்தால் அது சீராக இருக்கிறதா, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறதா, ஒருமுறை கொழுந்துவிட்டு அணைந்ததா என்பது தெரிந்துவிடும். மூன்றாவது வகையில் உங்கள் ஆறு மாத உழைப்பைப் போடாதீர்கள்.

எண்ணிக்கை வேண்டுமானால் கூகுளின் கீவேர்டு பிளானர் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குகளுக்கு அது 1,000 முதல் 10,000 வரை என்பதுபோல அகலமான வரம்பைத்தான் தரும். தொடங்குகிறவருக்கு அது போதும்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது கடைத் தளங்களில் இருக்கும் வாடிக்கையாளர் மதிப்புரைகளை, அதிலும் குறிப்பாக மூன்று நட்சத்திர மதிப்புரைகளை. ஐந்து நட்சத்திரக்காரர் சந்தோஷத்தில் இருக்கிறார், ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் நிதானமாக, "இது நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ன இடத்தில் கைவிட்டுவிட்டது" என்று எழுதுகிறார். அந்த "ஆனால்"களைத் தொகுத்தாலே உங்களுடைய முதல் பத்துத் தலைப்புகள் கிடைத்துவிடும்.

## படி 3: இரண்டையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வையுங்கள்

பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒரு துறையை எடுத்துக்கொள்வோம்: மைப்பேனா.

மைப்பேனாப் பித்து உள்ளவரிடம் பேச்சுக் கொடுத்தால் அழுத்தத்துக்கு ஏற்ப விரியும் ஃபிளெக்ஸ் நிப், பழைய செல்லுலாய்டு உடல், ஜப்பானிய அரக்குப் பூச்சு, மினுமினுப்புத் துகள் கலந்த மை என்று மணிக்கணக்காகச் சொல்வார். அதையெல்லாம் எழுதவும் ஆசைப்படுவார். ஆனால் வாங்க வருகிறவர் கேட்பது வேறு. முதன்முதலாக வாங்க எது நல்லது? நாலு நாள் எழுதாமல் வைத்தால் ஏன் எழுத மறுக்கிறது? காகிதத்தின் மறுபக்கம் மை ஊறுகிறதே, என்ன செய்வது? இடதுகையால் எழுதினால் மை இழுபடாமல் இருக்க வழி உண்டா? விமானத்தில் கொண்டுபோனால் கசியுமா?

இந்தக் கேள்விகளைப் பார்த்ததும் பித்தருக்கு அலுப்பாக இருக்கும். "இதெல்லாம் அரிச்சுவடி, இதைப் போய் எழுதுவதா?" என்று தோன்றும். அவருடைய ரசனைக்கு வேலை இருப்பது அங்கேதான். இரண்டு பத்திகளைப் பாருங்கள். முதலாவது:

"லாமி சஃபாரி ஒரு காலத்தால் அழியாத வடிவமைப்பு. கையில் எடுத்தாலே எழுதத் தூண்டும்."

இரண்டாவது:

"ஃபைன் நிப்பும் மீடியம் நிப்பும் இரண்டையும் ஒரே மையால், ஒரே மெல்லிய நோட்டில் எழுதிப் பார்த்தேன். மீடியத்தில் எழுதியது மறுபக்கம் தெரிகிறது, ஃபைனில் தெரியவில்லை. பிடிக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பேனாவை வழக்கமான முறையில் பிடிப்பவருக்கு இது வசதி. விரலை மடக்கிப் பிடிப்பவருக்கு அரை மணி நேரத்தில் உறுத்தும். இடதுகைக்காரர்களுக்கென்று தனி நிப் இதற்குக் கிடைக்கிறது, ஆனால் மை சீக்கிரம் உலராவிட்டால் அது மட்டும் உதவாது."

முதல் பத்தியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேனாவைத் தொடாதவரும் எழுதலாம். இரண்டாவதை எழுத ஒருவருக்குப் பேனா பிடித்திருக்க வேண்டும். பிடிக்காதவர் ஒரே நோட்டில் இரண்டு நிப்பை ஓட்டிப் பார்க்க மெனக்கெடமாட்டார். கேள்வி சந்தையிடமிருந்து வந்தது, பதிலை இப்படிச் சோதித்துச் சொல்லும் பொறுமை ரசனையிலிருந்து வந்தது.

விமானக் கேள்வியும் அப்படித்தான். மேலே போகப்போக கேபின் அழுத்தம் குறைகிறது. பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. ஆகவே முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ, நிப் மேல்நோக்கி இருக்கும்படி கொண்டுபோக வேண்டும். இப்படிக் காரணத்தை விளக்கத் தெரிந்தவர், நாலு நாள் எழுதாமல் வைத்தால் எழுத மறுக்கிறதே என்ற கேள்விக்கு, மை காயாமல் இருக்க மூடியின் உள்ளேயே அடைப்பு வைத்த பிளாட்டினம் பிரெப்பி போன்ற பேனாவுக்கு லிங்க் கொடுத்தால், படித்தவர் நம்பி அழுத்துவார்.

உங்கள் துறையில் இதைச் செய்ய ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள் பேச ஆசைப்படுபவை, வலப்பக்கம் படி 2-இல் குறித்த கேள்விகள். இடப்பக்கம் இருக்கும் எந்த அறிவு வலப்பக்கம் இருக்கும் எந்தக் கேள்விக்கு உதவும் என்று கோடு இழுங்கள். அதிகக் கோடுகள் விழும் கேள்வியை முதலில் எழுதுங்கள். ஒரு கோடுகூட விழவில்லை என்றால் துறையை மாற்ற வேண்டும் என்பதுதான் அர்த்தம்.

## படி 4: கமிஷன் சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் கணக்குப் போடுங்கள்

கற்பனை எண்களை வைத்தே பார்ப்போம். பொருள் அ-வின் விலை 20, கமிஷன் 10 சதவீதம். ஒரு விற்பனைக்கு 2 கிடைக்கும். பொருள் ஆ-வின் விலை 200, கமிஷன் 4 சதவீதம். ஒரு விற்பனைக்கு 8. ஆ-தான் லாபம் என்று தோன்றும். ஆனால் 100 பேர் லிங்க்கை அழுத்தினால் விலை குறைந்த அ-வை 6 பேர் வாங்குகிறார்கள், ஆ-வை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிளிக்குக்கு அ-வில் 12, ஆ-வில் 8. நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான். பல திட்டங்கள் இதை "கிளிக்குக்கு வருமானம்" என்ற பெயரில் கணக்குப் பக்கத்திலேயே காட்டும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரசனை மேலோங்கியவர்கள் விலை உயர்ந்த, அபூர்வமான பொருளையே சிபாரிசு செய்வார்கள். அதன் பக்கத்திலேயே தீர்ந்து தீர்ந்து வாங்க வேண்டிய எளிய பொருள் ஒன்று இருக்கும்: மை, நோட்டு, ஃபில்டர், பிளேடு, உறை. அவற்றுக்கு வாசகர் மீண்டும் வருவார், யோசிக்காமல் வாங்குவார்.

கமிஷன் விகிதம் உங்கள் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான், அறைகலன் வகைகளுக்கான விகிதத்தை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அந்த வகையை மட்டும் நம்பியிருந்தவர்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. பணத்துக்காக மட்டும் ஒரு துறைக்குள் போனவருக்கு அப்படிப்பட்ட நாளில் அங்கே இருக்கக் காரணமே இருக்காது. முடிந்தவரை ஒரே பொருளுக்கு இரண்டு திட்டங்களிலாவது கணக்கு வைத்திருங்கள்.

## படி 5: சந்தை ஒரு பக்கம், உங்கள் மனசு ஒரு பக்கம் இழுக்கும்போது

இது கட்டாயம் நடக்கும். ஆனால் மூன்று விதமாக நடக்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "நான் என்னை விற்றுவிட்டேனோ" என்ற தேவையில்லாத குற்ற உணர்வு வருகிறது.

முதல் விதம்: பொருள் நல்லதுதான், உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. நிறம் மந்தமாக இருக்கிறது, சுவாரஸ்யமே இல்லாத பிளாஸ்டிக், ஆனால் சொன்ன வேலையைச் செய்கிறது, விலையும் குறைவு. தயங்காமல் எழுதுங்கள். "நான் இதை எடுக்கமாட்டேன், என் தேவை வேறு. இன்ன வேலைக்கு, இன்ன செலவுக்குள் வேண்டும் என்பவருக்கு இது சரி" என்று சொல்வதில் எந்தப் பொய்யும் இல்லை. இப்படிச் சொல்லும் பக்கங்கள்தான் நன்றாக விற்கும் என்பது என் எண்ணம். சிபாரிசு செய்கிறவர் தன் ரசனையைத் தள்ளிவைத்துப் பேசுகிறார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது விதம்: பொருள் மட்டமானது, உங்களுக்கே தெரியும், ஆனால் கமிஷன் கொழுத்தது. இங்கே சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. லிங்க் போடாதீர்கள். தேடல் அதிகம் இருந்தால், "இதை ஏன் வாங்க வேண்டாம்" என்று எழுதி, பதிலாக எதை வாங்கலாம் என்பதற்கு லிங்க் கொடுங்கள். வாங்கும் முடிவோடு வந்தவர்தானே அவரும்.

மூன்றாவது விதம்: பொருளை நீங்கள் பார்த்ததே இல்லை, தேடல் மட்டும் எகிறுகிறது. வாங்குங்கள், இரவல் வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவர் இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எதுவும் முடியாவிட்டால், "நான் பயன்படுத்தவில்லை, தயாரிப்பாளர் தந்த விவரங்களை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்" என்று மேலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பொருளையும் கையால் தொடாமல் "சிறந்த 10" என்று எழுதும் வழக்கம் இந்தத் தொழிலுக்கே பிடித்த நோய். கூகுளும் அதைக் கவனித்துத்தான் 2021 ஏப்ரலில் தயாரிப்பு மதிப்புரைகளுக்கென்றே தன் தரவரிசை முறையில் மாற்றம் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில், தேடல் முடிவுகளை மதிப்பிடுபவர்களுக்குத் தரும் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. மனசாட்சி ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குப்படியும் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் சாதகம்.

## படி 6: கமிஷன் வாங்குவதைச் சொல்லிவிடுங்கள்

இதில் பெரிய யோசனை தேவையில்லை. வாங்குகிறவர் நலனைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் போன்றவை இதைக் கண்ணில் படும்படி, தெளிவாகச் சொல்லச் சொல்கின்றன. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் அது சொன்னதாக ஆகாது. முதல் லிங்க்குக்கு முன்னால் ஒரு வரி போதும். அமேசான் தன் அசோசியேட்கள் அதற்கென ஒரு வாக்கியத்தைப் போட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. லிங்க்கின் நிரலில் "ஸ்பான்சர்டு" (rel="sponsored") என்ற குறியீட்டைச் சேருங்கள், இது பணம் கிடைக்கும் லிங்க் என்று அது தேடுபொறிக்குச் சொல்லும். கூகுள் 2019-இல் அறிமுகப்படுத்திய முறை இது.

## படி 7: எழுதியதைப் பிரித்துப் பாருங்கள்

நான் பரிந்துரைக்கும் விகிதம்: நான்கில் மூன்று பங்கு பக்கங்கள் தேடலிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஒரு பங்கு உங்கள் ஆசைக்கு. அந்த ஒரு பங்கில் ஃபிளெக்ஸ் நிப் பற்றியோ அரக்குப் பூச்சு பற்றியோ இஷ்டத்துக்கு எழுதுங்கள். விற்பனை வராது என்று தெரிந்தே எழுதுங்கள். துறை தெரிந்தவர்கள் அவற்றைத்தான் மற்றவர்களுக்கு அனுப்புவார்கள், அதன் வழியாகத்தான் உங்கள் பெயர் பரவும். இந்த விகிதம் கல்வெட்டு இல்லை, உங்கள் எண்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

எண்களைப் பார்ப்பதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. எந்த லிங்க்கிலிருந்து விற்பனை வந்தது என்று காட்டும் கண்காணிப்புக் குறியீடுகளை, பெரும்பாலான திட்டங்களில் ஒரே கணக்குக்குள் பல வைத்துக்கொள்ளலாம். ஆசைப் பக்கங்களுக்கு ஒன்று, தேவைப் பக்கங்களுக்கு ஒன்று என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். பிறகு எது சோறு போடுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு லிங்க்கில் 100 கிளிக்காவது விழும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். 20 கிளிக்கில் ஒன்றுமே விற்காதது சாதாரணம்.

கூகுள் சர்ச் கன்சோலை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் தோன்றியது என்று அதில் பட்டியல் வரும். நீங்கள் எழுதவே நினைக்காத கேள்விக்கு உங்கள் பக்கம் நூற்றுக்கணக்கான முறை தோன்றி, யாருமே அழுத்தாமல் போயிருக்கும். அந்தக் கேள்விக்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். வெளியே போய்த் தேடிய தேவையைவிட இது உறுதியானது, ஏனென்றால் உங்கள் துறையில், உங்கள் வாசலுக்கே வந்து கேட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, எண்களைப் படிக்கும் முறை. ஆசைப் பக்கத்தைப் பலர் கடைசிவரை படிக்கிறார்கள், கிளிக் மட்டும் விழவில்லை என்றால் பக்கத்தை அழிக்காதீர்கள். அதற்குள் வாங்கக்கூடிய எளிய பொருள் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தேவைப் பக்கத்துக்கு ஆள் வருகிறது, கிளிக்கும் விழுகிறது, விற்பனைதான் இல்லை என்றால், சிபாரிசு செய்த பொருள் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. அல்லது கடையில் அதன் கையிருப்பு தீர்ந்திருக்கிறது. இரண்டாவதை முதலில் சரிபாருங்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டு வகையிலும் ஆளே வரவில்லை என்றால், படி 3-இல் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்து, வலப்பக்கத்தைப் புதிதாக நிரப்பத் தொடங்குங்கள்.